அட்வான்சில் 36,660 ரூபாய் பிடித்தம்: இதில் எது நியாயம், எது இல்லை?

தஞ்சை_கிழக்கு (ஜூலை 24, இரவு 9.10)

வணக்கம். தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம் ஒரு அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில் மூன்று வருடம் நான்கு மாதம் குடியிருந்தோம். வாடகை 9,500, அட்வான்ஸ் 60,000. கும்பகோணத்துக்கு மாற்றல் வந்தது. ஆடி பிறந்துவிட்டால் புது வீட்டில் பால் காய்ச்சக் கூடாது என்று அம்மா பிடிவாதமாகச் சொன்னதால், ஆனி 29, அதாவது ஜூலை 13 அன்றே சாவியைக் கொடுத்துவிட்டோம். வாடகைக் கணக்கும் மாதாமாதம் 13ஆம் தேதியோடுதான் முடியும். ஆகவே வாடகை பாக்கி ஒரு ரூபாய் கூட இல்லை.

எட்டு நாள் கழித்துக் கணக்கு முடிக்க வீட்டுக்காரர் வரச் சொன்னார். நாள்காட்டியில் கிழித்த ஆடி 5ஆம் தேதித் தாளின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவில் எழுதி வைத்திருந்தார். அதை அப்படியே தருகிறேன்:

பெயிண்டிங் 18,000
கிளீனிங் 2,500
கொசுவலை 3,200
அசோசியேஷன் ஷிஃப்டிங் 2,000
கரண்ட் 1,460
ஆடி வாடகை 9,500

மொத்தம் 36,660. மீதி 23,340 ரூபாயை எண்ணி மேஜையில் வைத்தார். வாங்காமல் எழுந்து வந்துவிட்டேன். இந்த ஆறில் ஒன்றைப் பற்றிக்கூட மூன்று வருடத்தில் அவர் வாய் திறந்ததில்லை. அவர் கெட்டவர் இல்லை. என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது நடு இரவில் ஆட்டோ பிடித்துக் கொடுத்தவர். அதனால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. எதைக் கொடுக்க வேண்டும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலவீதி (ஜூலை 24, இரவு 9.32)

முதலில் ஒன்று சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் பெயிண்டிங் பற்றி ஏதாவது வரி இருக்கிறதா? காலி செய்வதாக எப்போது சொன்னீர்கள், வாயால் சொன்னீர்களா, எழுத்தில் சொன்னீர்களா?

தஞ்சை_கிழக்கு (ஜூலை 24, இரவு 9.50)

20 ரூபாய்ப் பத்திரத்தில் பதினோரு மாத ஒப்பந்தம். அதன்பிறகு புதுப்பிக்கவே இல்லை, வாடகையை மட்டும் ஏற்றிக்கொண்டே வந்தோம். பெயிண்டிங் என்ற சொல்லே அதில் இல்லை. ‘வீட்டை நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டும்’ என்று ஒரு வரி. ‘காலி செய்ய ஒரு மாத முன்னறிவிப்பு’ என்று இன்னொரு வரி. ஜூன் 10 அன்று போனில் சொல்லிவிட்டு வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். ‘சரி தம்பி’ என்று பதில் இருக்கிறது.

மாயவரத்துக்காரன் (ஜூலை 24, இரவு 10.41)

அந்த ‘சரி தம்பி’யைப் பத்திரமாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஒரு மாதத்துக்கு மூன்று நாள் கூடுதலாகவே அவகாசம் கொடுத்திருக்கிறீர்கள்.

சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நானும் ஒருமுறை இதில் மாட்டி, படித்துத் தெரிந்துகொண்டவன்தான். பழைய 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக வந்தது 2017ஆம் ஆண்டுச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவருடைய உரிமை, பொறுப்பு எல்லாம் அதில்தான்.

உங்கள் விஷயத்துக்கு அதில் இரண்டு இடம் முக்கியம். ஒன்று, 11ஆம் பிரிவு. வேறுவிதமாக ஒத்துக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. உங்களுடையது ஆறு மாதத்துக்கும் மேல். ஆனால் நீங்களே ஒத்துக்கொண்டு கொடுத்தீர்கள், அதை இப்போது கிளறிப் பயனில்லை. அதே பிரிவுதான் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. உங்களுக்கு அந்த ஒரு மாதம் ஆகஸ்ட் 13 அன்று முடிகிறது.

இரண்டாவது, அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை. யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவது, குழாய் பதித்த வேலை, வயரிங், கட்டடத்தின் பெரிய பழுது, இதெல்லாம் உரிமையாளர் பக்கம். குழாய் வாஷர், கழிவுநீர்ப் பாதை அடைப்பு, சுவிட்ச், சாக்கெட், கதவுப் பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, இதெல்லாம் குடியிருப்பவர் பக்கம். எழுத்தில் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தால் அதுதான் செல்லும். உங்களுடையதில் அப்படி எதுவும் இல்லை.

ஆகவே பெயிண்டிங் 18,000 அவருடைய செலவு. கொசுவலை உங்களுடையது. கசப்பாக இருந்தாலும் அதுதான் உண்மை.

கொத்தனார்_மகன் (ஜூலை 25, காலை 6.55)

நான் இருபது வருடமாகப் பெயிண்டிங் வேலை எடுத்துச் செய்கிறேன். தஞ்சாவூர், திருவாரூர், மன்னார்குடி எல்லா ஊரிலும் செய்திருக்கிறேன். அட்டவணை இருக்கட்டும், சுவர் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

நம் பக்கம் நஞ்சை வயலை மேடாக்கி மனை போட்டுக் கட்டிய வீடுகள் அதிகம். அடியில் எப்போதும் ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்த ஈரம் சுவர் வழியாக ஏறும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குப் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். உள்ளங்கையால் தடவினால் கோலமாவு மாதிரி வெள்ளையாக ஒட்டும். அது உப்பு. மாடி வீட்டில் தரை ஈரம் ஏறாது. ஆனால் பாத்ரூம் சுவரின் மறுபக்கத்தில் இதே கதைதான். உள்ளே டைல்ஸ் இடுக்கில் இறங்கும் தண்ணீர் படுக்கையறைப் பக்கம் பூத்துக்கொண்டு வரும். அதற்கும் குடியிருந்தவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கட்டியவர் செய்த வேலை அது. அதன் மேல் எத்தனை கோட் அடித்தாலும் அடுத்த தை மாதத்துக்குள் மறுபடி உரியும்.

குடியிருந்தவர் கணக்கில் வருவது வேறு. பிள்ளைகள் மெழுகுக் கலர் பென்சிலில் கிறுக்கியது. டேப் ஒட்டிப் பிய்த்ததில் புட்டியோடு பெயர்ந்து வந்தது. சாமி மாடத்துக்கு மேலே விளக்குப் புகை ஏறிய கறுப்பு. அடுப்புக்கு மேலே எண்ணெய்ப் பிசுக்கு. இதில்கூட புகையும் பிசுக்கும் குடித்தனம் நடந்தால் வரத்தான் செய்யும். நாலு ஆணி ஓட்டைக்குக் கால் கிலோ புட்டி போதும். மூன்று வருடம் ஆன டிஸ்டெம்பர் எப்படியும் மங்கியிருக்கும். அடுத்த ஆள் வருவதற்கு முன் அவர் அடித்தே ஆக வேண்டும். அந்தச் செலவை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்.

நீங்கள் குடி போனபோது புதிதாக அடித்திருந்ததா? அது முக்கியம்.

தஞ்சை_கிழக்கு (ஜூலை 25, காலை 8.20)

இல்லை அண்ணா. முன்பு இருந்தவர்கள் போனபின் கூட்டிப் பெருக்கி மட்டும் கொடுத்தார். படுக்கையறையில் பாத்ரூம் பக்கச் சுவர் நீங்கள் சொன்ன மாதிரியேதான் இருந்தது. பீரோவை அங்கே வைக்க முடியாமல் ஒரு ஜாண் தள்ளியே வைத்திருந்தோம். போட்டோ எடுக்கவில்லை, அதுதான் என் தப்பு. ஆனால் குடி போன முதல் வாரத்தில் தங்கைக்கு வீட்டைக் காட்ட ஒரு வீடியோ எடுத்து அனுப்பினேன். அதில் அந்தச் சுவர் தெரிகிறதா என்று இன்று இரவு பார்க்கிறேன்.

கொசுவலை கிழிந்தது உண்மை. இரண்டு ஜன்னல்களில் மகள் விரலை விட்டு விட்டு ஓட்டையாக்கிவிட்டாள். மற்ற ஜன்னல்கள் நன்றாகவே இருக்கின்றன.

நாகை_உப்புக்காற்று (ஜூலை 25, காலை 11.05)

என் அனுபவம். கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்தது. அன்று இரவு நாங்கள் நாலு பேர் சமையலறையில் குந்தியிருந்தோம். முன் அறை ஜன்னல் கண்ணாடி மூன்றும் போய், மெத்தை முழுக்கக் கண்ணாடித் தூளும் தென்னை மட்டைத் துணுக்கும். அடுத்த வருடம் அந்த வீட்டைக் காலி செய்தபோது ‘கண்ணாடி உங்கள் பொறுப்பு’ என்று 7,000 பிடித்தார்கள். ஊரே தென்னையை இழந்து கிடந்த நேரம். யாரிடம் போய்ப் பேசுவது? விட்டுவிட்டேன். இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

மாயவரத்துக்காரன் (ஜூலை 25, மதியம் 1.15)

நாகை நண்பரே, அது உங்கள் பொறுப்பே இல்லை. 1882ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவிலேயே இருக்கிறது. குடியிருப்பவர் வீட்டை வாங்கிய நிலையில் திருப்பித் தர வேண்டும். ஆனால் சாதாரணமாகப் புழங்கியதால் வந்த தேய்மானமும், தடுக்க முடியாத சக்தியால் வந்த சேதமும் அதில் சேராது. கஜாவைவிடத் தடுக்க முடியாத சக்தி வேறு என்ன இருக்கிறது?

குடந்தை_சாரங்கபாணி_வீதி (ஜூலை 25, மாலை 4.40)

நான் வீட்டுக்காரி. கும்பகோணத்தில் கீழே நான் இருக்கிறேன், மேலே இரண்டு போர்ஷன் வாடகைக்கு. கணவர் போனபிறகு அந்த வாடகையில்தான் என் மருந்துச் செலவு ஓடுகிறது. இங்கே எல்லாரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். என்னுடையதையும் கேளுங்கள்.

போன தடவை காலி செய்தவர்கள் சாவி கொடுத்துவிட்டுப் போனபின் உள்ளே போனேன். சிங்க் அடைத்து, கீழே வைத்த பக்கெட்டில் நாற்றம். பரணில் பழைய மெத்தை, உடைந்த கிரைண்டர் எல்லாம் போட்டது போட்டபடி. அதை இறக்க இரண்டு ஆள் கூலி. மோட்டார் காயில் எரிந்ததைச் சொல்லவே இல்லை. அட்வான்ஸ் இல்லாவிட்டால் நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

ஆடி விஷயமும் அப்படித்தான். ஆனி கடைசியில் காலி செய்தால் ஆவணி வரைக்கும் வீடு பார்க்கக்கூட ஒருவரும் வரமாட்டார்கள். மார்கழியிலும் இதே நிலைமை. தம்பி தன் அம்மாவுக்காக ஆடிக்கு முன்னால் கிளம்பினார், சரி. வருகிறவர்களுக்கும் அம்மா உண்டு இல்லையா? அந்த ஒரு மாதம் வீட்டுக்காரருக்கு நிஜமான நஷ்டம்.

ஆனால் ஒன்று. நான் அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறேன். ஆனியிலோ கார்த்திகையிலோ காலி செய்தால் இரண்டு மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்று. குடி வரும் அன்றே வாசித்துக் காட்டிவிடுவேன். எழுதாமல் விட்டுவிட்டுக் கடைசி நாளில் நாள்காட்டித் தாளில் எழுதிக் கொடுப்பது முறையில்லை. அதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

தஞ்சை_கிழக்கு (ஜூலை 25, மாலை 6.15)

அம்மா, நீங்கள் சொன்னது மனதில் பட்டது. ஆடிக்கு முன்னால் போகிறேன் என்று ஜூன் 10 அன்று சொன்னபோதே ‘ஒரு மாத வாடகை சேர்த்துக் கொடு’ என்று கேட்டிருந்தால் பேசி ஏதோ ஒரு முடிவுக்கு வந்திருப்பேன். கேட்காமல் கழித்ததுதான் வலிக்கிறது.

அடுக்கக_செயலர் (ஜூலை 25, இரவு 8.02)

திருச்சியில் ஒரு குடியிருப்போர் சங்கத்தில் இரண்டு வருடம் செயலராக இருந்தேன். ஷிஃப்டிங் சார்ஜ் எங்களிடமும் உண்டு. லிஃப்டில் பீரோ, ஃபிரிட்ஜ் ஏற்றும்போது பக்கத் தகடு நசுங்கும், படிக்கட்டு மூலையில் சிமெண்ட் பெயரும். அதற்காகத்தான். ஆனால் அது சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு வாங்கும் தொகை. பணம் கட்டினால் சங்கத்தின் ரசீது கிடைக்கும். ரசீது எங்கே என்று கேளுங்கள். இருந்தால் கொடுத்துவிடுங்கள். இல்லை என்றால் அது சங்கத்துக்குப் போகவே இல்லை. சில இடங்களில் உள்ளே வரும்போது ஒன்று, போகும்போது ஒன்று என்று இரண்டு தடவை வாங்குவார்கள். வரும்போதே கட்டியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

மேலவீதி (ஜூலை 25, இரவு 8.30)

கரண்ட் 1,460 எப்படி வந்தது? உங்கள் வீட்டுக்குத் தனி இணைப்பு என்றால் மீட்டர் ரீடிங்கைக் கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு. நடுவில் காலி செய்தால் சாவி கொடுத்த நாள் ரீடிங் வரைக்கும்தான் உங்கள் கணக்கு. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதைக் கழிக்காமல் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று பெருக்கிப் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தஞ்சை_கிழக்கு (ஜூலை 25, இரவு 9.44)

தனி இணைப்புதான். சாவி கொடுத்த அன்று மீட்டரைப் போட்டோ எடுத்திருக்கிறேன். கடைசி பில்லோடு ஒட்டிப் பார்த்தேன், 1,460 சரியாகத்தான் வருகிறது. அது என்னுடையது.

வீடியோ கிடைத்தது. பதினோரு விநாடி. படுக்கையறையில் நுழைந்து திரும்பும்போது சுவரின் கீழ்ப்பாதி முழுக்க உப்பிப்போய் நிற்பது தெளிவாகத் தெரிகிறது. ‘அண்ணா, அந்தச் சுவர் என்ன அப்படி இருக்கு’ என்று தங்கை அன்றைக்கே கேட்ட வாய்ஸ் மெசேஜும் அதன் கீழேயே இருக்கிறது.

கொத்தனார்_மகன் (ஜூலை 25, இரவு 9.58)

இது போதும். இனி அந்தச் சுவரைப் பற்றி அவர் பேச முடியாது.

ஒத்தி_வீடு (ஜூலை 26, காலை 7.30)

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது இன்னும் பெரிய சிக்கல். திருவாரூர் பக்கம் ஒரு வீட்டில் ஒத்திக்கு இருந்தோம். நான்கு லட்சம் கொடுத்தோம், வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுசாகத் திருப்பித் தர வேண்டும். கெடு முடிந்து மூன்று மாதம் ஆகிறது. ‘அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் பணம்’ என்கிறார். இப்போது ‘வீட்டைச் சரி செய்ய 40,000 கழிப்பேன்’ என்றும் சேர்த்துச் சொல்கிறார். மகள் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் அது.

மாயவரத்துக்காரன் (ஜூலை 26, காலை 9.12)

ஒத்தி நண்பரே, சாவியைக் கொடுத்துவிட்டீர்களா? கொடுக்கவில்லை என்றால் பணம் கைக்கு வரும் வரைக்கும் கொடுக்காதீர்கள். ஒத்தி என்பது சட்டத்தில் அடமானத்தோடு சேர்ந்தது, வாடகை மாதிரி இல்லை. பணம் திரும்பும் வரை வீடு உங்கள் கையில் இருப்பதுதான் உங்கள் பிடி. ஒத்திப் பத்திரம் பதிவு செய்ததா இல்லையா என்று பார்த்து, அதை எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் போய்ப் பாருங்கள். தள்ளிப் போடாதீர்கள்.

தஞ்சை நண்பருக்கு: சண்டை வேண்டாம், ஒரு கடிதம் எழுதுங்கள். ஆறு இனத்தையும் வரிசையாகப் போடுங்கள். ஒத்துக்கொள்வதை முதலில் எழுதுங்கள். கரண்ட் 1,460 சம்மதம், இரண்டு ஜன்னல் கொசுவலை சம்மதம் என்று தொடங்கினால் எதிரில் இருப்பவரும் மீதியைப் படிப்பார். அப்புறம் பெயிண்டிங்குக்கு இரண்டாம் அட்டவணையையும் வீடியோவையும் சொல்லுங்கள். ஆடி வாடகைக்கு முன்னறிவிப்பு வரியையும் ‘சரி தம்பி’யையும் சொல்லுங்கள். ஷிஃப்டிங்குக்கு ரசீது கேளுங்கள். ஆகஸ்ட் 13க்குள் மீதியைத் தரச் சொல்லி விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்), சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு அனுப்புங்கள். அதே கடிதத்தை வாட்ஸ்அப்பிலும் போட்டுவிடுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் வாடகை அதிகாரி இருக்கிறார். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரை இதற்கென மாவட்ட ஆட்சியர் நியமித்திருப்பார். கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டால் யாரிடம் மனு கொடுப்பது என்று சொல்லுவார்கள். ஒரு சிக்கல், உங்கள் ஒப்பந்தம் அவரிடம் பதிவாகவில்லை. பதிவில்லாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு அங்கே நிற்பது கஷ்டம். பதினோரு மாதம் என்றால் பதிவே வேண்டாம் என்ற பழைய பழக்கம் 2017 சட்டத்தில் எடுபடாது. எத்தனை மாதமானாலும் எழுத்தில் போட்டு அங்கே பதிவு செய்ய வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். கும்பகோணத்து வீட்டுக்காவது இதைச் செய்துவிடுங்கள்.

குடந்தை_சாரங்கபாணி_வீதி (ஜூலை 26, காலை 10.25)

தம்பி, கடிதம் அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை நேரில் போய்ப் பேசுங்கள். தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தால் எங்கள் வயதுக்காரர்களுக்கு அது வக்கீல் நோட்டீஸ் மாதிரிதான் இருக்கும். கடிதத்தை நீங்களே கையில் கொண்டுபோங்கள். ஆட்டோ பிடித்துக் கொடுத்த மனிதர் என்று சொன்னீர்கள், அவர் படிப்பார்.

தஞ்சை_கிழக்கு (ஆகஸ்ட் 16, இரவு 9.20)

தாமதத்துக்கு மன்னிக்கவும். சாரங்கபாணி வீதி அம்மா சொன்னபடி ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை, ஆடிப்பெருக்கு அன்று தஞ்சாவூருக்கு வந்தபோது கடிதத்தோடு நேரில் போனேன். அவர் மனைவி சித்ரான்னம் வைத்துக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டுக் கடிதத்தை நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். வீடியோவைக் காட்டினேன். பதினோரு விநாடியையும் பார்த்துவிட்டு, ‘இது எனக்கு முன்னாடியே தெரியும்டா’ என்றார். அதற்குமேல் பெயிண்டிங் பற்றி அவர் பேசவில்லை.

ஆடி வாடகைக்குத்தான் நேரமானது. வீடு இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது, அதைக் கண்ணால் பார்த்தேன். கடைசியில் நானே பாதி தருகிறேன் என்றேன், 4,750. சட்டப்படி தேவையில்லை என்று இங்கே சிலர் சொல்வீர்கள், தெரியும். கொடுக்கத் தோன்றியது, கொடுத்தேன். சங்க ரசீது கேட்டதற்கு ‘இன்னும் கட்டவில்லை’ என்றார். செயலரிடம் போனில் பேசினோம். வரும்போது நான் கட்டியது நோட்டில் இருந்தது, போகும்போது கிடையாதாம். அந்த 2,000 கணக்கிலிருந்து போயிற்று. கொசுவலை இரண்டு ஜன்னலுக்கு 1,300. கிளீனிங் 2,500ல் 1,000 ஒத்துக்கொண்டேன். பரணில் அட்டைப் பெட்டிகளை விட்டுவிட்டு வந்தது நாங்கள்தான்.

கரண்ட் 1,460, கொசுவலை 1,300, கிளீனிங் 1,000, ஆடிக்கு 4,750. மொத்தம் 8,510. ஆகஸ்ட் 12 அன்று 51,490 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. எல்லாருக்கும் நன்றி, முக்கியமாகச் சாரங்கபாணி வீதி அம்மாவுக்கு.

புது வீட்டில் ஒப்பந்தத்தை எழுதிப் பதிவுக்குக் கொடுத்துவிட்டோம். வீட்டுக்காரரோடு சேர்ந்தே ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்தேன். பின்கட்டுச் சுவரில் ஓரிடத்தில் ஈரம் தெரிந்தது. ‘இதையும் எடுத்துக்கோங்க’ என்று அவரே காட்டினார்.

கொத்தனார்_மகன் (ஆகஸ்ட் 16, இரவு 9.41)

மகிழ்ச்சி தம்பி. பின்கட்டு ஈரத்தை ஐப்பசிக்கு முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். மழை தொடங்கிவிட்டால் செய்த வேலை தங்காது.

மேலவீதி (ஆகஸ்ட் 17, காலை 7.15)

அந்தக் கடிதத்தைப் பெயர், முகவரி எடுத்துவிட்டு இங்கே போட முடியுமா? என் மைத்துனருக்கு வேண்டும். ஒத்தி நண்பரே, உங்களுக்கு என்ன ஆயிற்று?

ஒத்தி_வீடு (ஆகஸ்ட் 17, இரவு 8.50)

சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, கொடுக்கவில்லை. வழக்கறிஞரைப் பார்த்தேன், பத்திரம் பதிவானதுதான் என்பதால் பயப்பட வேண்டாம் என்றார். 40,000 பேச்சை இப்போது வீட்டுக்காரர் எடுப்பதில்லை. இன்றும் போய் வந்தேன். ஆவணி பிறந்துவிட்டது, இரண்டு பேர் வீடு பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், புதன்கிழமை வாருங்கள் என்றார். மகளுக்குக் கட்டணம் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.